இரவல் அங்காளம்மன்

'சுழல்' தொடரின் எட்டாம் பகுதியைப் பற்றி நண்பரொருவர் பேசிய பேச்சுக்கு இது பதில். குன்னூரில், மழை விடாத ஒரு சாயங்காலம், ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நண்பர் கவிஞர், தொன்மம், ஆழ்மனம் இரண்டிலும் நாற்பது வருஷப் பழக்கம் உள்ளவர். தமிழில் முதன்முறையாகத் தொன்மம் ஒரு ஜனரஞ்சக சாதனத்தில் அதன் முழு உக்கிரத்தோடு இறங்கியிருக்கிறது என்றார். கடைசிப் பகுதியில் திருவிழாவும் கொலையும் ஒன்றில் ஒன்று கரைவதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது; பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதையே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்காகக் கதை. புஷ்கர்-காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய தொடர். 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாயின. சாம்பலூர் என்று ஒரு ஊர், வரைபடத்தில் கிடையாது. அங்கே ஒரு சிமென்ட் ஆலை எரிகிறது. அதே சமயத்தில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரில் மயானக்கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் சக்கரை தேடுகிறான். அவனுக்கு மேலதிகாரி ரெஜினா. அவள் மகன் அதிசயத்தோடுதான் நிலா போயிருக்கிறாள். இருவரும் பிணமாகக் கிடைக்கிறார்கள். ஏழு பகுதிகளில் ஆளுக்கு ஆள் மாற்றிச் சந்தேகப்பட்டுவிட்டு, எட்டாம் பகுதியில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தான் என்று தெரிகிறது. குணா என்ற நெருங்கிய உறவினன். நிலாவை மட்டுமல்ல, அவளுக்கு முன்னால் அக்கா நந்தினியையும் குழந்தைப் பருவத்தில் சிதைத்தவன் அவனே. நந்தினி அவனைக் கொல்கிறாள். வெளியே பறை, வேஷம், தீப்பந்தம், அம்மன்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாராவது பதறினால், அந்தப் பதற்றத்திலிருந்தே என் விவகாரம் தொடங்குகிறது. சொல்லிவிட்டால் கெட்டுப்போகிற கலை என்ன கலை? மயானக்கொள்ளை எந்த ஜில்லாக்களின் திருவிழாவோ, அதே ஜில்லாக்களில்தான் பாரதக் கூத்தும் நடக்கிறது. பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் போய்ப் படுகளத்தில் முடியும். துரியோதனன் விழுவான், திரௌபதி கூந்தல் முடிவாள் என்பது மண்ணில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய இருக்கிறான். என்ன நடக்கும் என்ற கேள்வி தீர்ந்துபோன இடத்தில்தான் அவனுக்கு மற்றதெல்லாம் புலப்படுகிறது: சபையில் யார் யார் சும்மா இருந்தார்கள், யார் தலை குனிந்தார்கள் என்பதெல்லாம். 'சுழ'லில் தீராத ஒரே விஷயம் 'யார்' என்பது. அது தீர்ந்த மறு நிமிஷம் தொடரும் தீர்ந்துவிடுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளியை வீட்டுக்குள் காட்டியது சரி. 2007ல் மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் விசாரித்து ஒரு அறிக்கை வெளியிட்டது. 53 சதவீதத்துக்கு மேல், ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கை வைத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். நம் சினிமா இத்தனை காலமாகக் கற்பழிப்பவனை எங்கே தேடியது? பண்ணையார் வீட்டில், ஜீப்பில் வரும் ரௌடியிடம். எடுத்தவர்கள் சாமான்யர்களும் அல்ல. பிரம்மாவின் 'குற்றம் கடிதல்' படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் ஒரு ஆசிரியை ஒரு பையனை அறைந்துவிடுகிறாள், அவ்வளவுதான் கதை. துப்பறிதல் கிடையாது, வில்லன் கிடையாது. அறைந்த கை எங்கே போனாலும் கூடவே வருகிறது. அந்தப் படத்தை எடுத்தவருக்கு இது தெரியாதா என்ற ஆற்றாமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தெரியாதவன் செய்தால் இந்தப் பத்திரிகையில் தாள் வீணாக்கியிருக்கமாட்டேன்.

இப்போது நண்பரின் தொன்மம். மயானக்கொள்ளையின் மூலஸ்தானம் மேல்மலையனூர். மாசி மாதம், சிவராத்திரிக்கு அடுத்து வரும் அமாவாசை. கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளி எறிகிறான். தலை போகவில்லை. கபாலமாகி அவன் கையில் ஒட்டிக்கொள்கிறது. அவனுக்கு இடும் பிச்சையையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. பித்தனாய், பசியோடு, சுடுகாடு சுடுகாடாய் அலைகிறான். மலையனூரில் அம்மன் மூன்று கவளம் பிசைந்து, இரண்டைக் கபாலத்தில் போட்டு மூன்றாவதைத் தரையில் இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குகிறது. விசுவரூபம் எடுத்து மிதிக்கிறாள். அந்த இறைத்தலைத்தான் ஜனங்கள் வருஷாவருஷம் மயானத்தில் தானியமும் காய்கறியும் சில்லறையுமாக இறைத்துச் செய்கிறார்கள்.

இந்தக் கதையின் மையம் மிதியடி அல்ல. கையில் ஒட்டிய கபாலம். கொன்றவன் கடவுளாக இருந்தாலும், கொல்லப்பட்டவன் திமிர் பிடித்தவனாக இருந்தாலும், கொலை கையை விட்டுப் போகாது. அது கூடவே இருந்து சோற்றைத் தின்னும். நம் ஜனங்கள் சிருஷ்டித்த குற்றக் கதைகளில் இதைவிடப் பயங்கரமான ஒன்று எனக்குத் தெரியாது. எட்டாம் பகுதி இதில் எதை எடுத்துக்கொண்டது? கடைசி மிதியை மட்டும். துஷ்டன் விழுந்தான், அம்மன் ஆடினாள், பறை முழங்கிற்று. ஒட்டிக்கொண்ட கபாலத்தை எட்டுப் பகுதி அவகாசத்தில் எங்கேயும் காணோம். தொன்மம் உக்கிரத்தோடு இறங்கியிருக்கிறது என்கிறார் நண்பர். இறங்கியது அதன் வர்ணப்பூச்சு. முகத்தில் பச்சையும் சிவப்பும் அடித்துக்கொண்டு காமிராவுக்கு முன் நாக்கைத் துருத்துவது உக்கிரமென்றால், ஊட்டி மலர்க் கண்காட்சியில் வருஷாவருஷம் மேடையேறும் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சியும் உக்கிரம்தான்.

அந்த அம்மன் ஏன் இந்த மலையில்? சாம்பலூர் கற்பனை ஊர், கற்பனை ஊருக்கு ஜில்லா கேட்காதே என்பார் நண்பர். நான் கேட்பேன். பனி, தைலமரம், ஓட்டுக் கூரை, வளைந்து ஏறும் சாலை என்று பார்த்தவுடன் இந்தப் பக்கத்து மனிதன் எவனும் இது நம் மலை என்றுதான் நினைப்பான். நினைக்க வேண்டும் என்றுதான் காட்டுகிறார்கள். ஆனால் மலையில் மலைக்காரன் ஒருவனும் இல்லை. படகர்களின் எத்தையம்மன் பண்டிகை இல்லை. கோத்தரின் கம்பட்டராயன் இல்லை. தோடர் இல்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடுகளில் இறங்கியவர்கள் இல்லை. தேயிலையே ஒரு பச்சைத் திரைச்சீலை மட்டும்தான். இருக்கும் ஒரே தொழிற்சாலை சிமென்ட் ஆலை. சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். நமக்கு அருகில் அது கிடைத்தது கீழே கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையில், ஆலையும் அங்கேதான் வந்தது. இதெல்லாம் தகவல் பிழை என்று நான் சொல்லவில்லை. கதைக்கு ஆள் இல்லாத மலை தேவைப்பட்டிருக்கிறது. ஆள் இருந்தால் அவன் சாமி இருக்கும். அவன் சாமி இருந்தால் அதற்கு ஒரு பூசாரி, ஒரு சண்டை, யார் உள்ளே வரலாம் யார் வரக்கூடாது என்ற கணக்கு இருக்கும். மலையனூர் அங்காளம்மனுக்குச் செம்படவர்கள் பரம்பரைப் பூசாரிகள். அந்த அம்மனுக்கு ஒரு ஜனக்கூட்டம் உண்டு, அவர்களுக்கு ஒரு ஞாபகம் உண்டு. சாம்பலூர் அம்மனுக்கு ஜனமில்லை. அவள் இரவலாக வந்தவள்; வேலை முடிந்ததும் லாரியில் ஏறிப் போய்விடுவாள்.

நமக்கு இது புதிதுமல்ல. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா பக்கம் ஒரு புல்வெளி. தோடர்களின் எருமைகள் மேய்ந்த வெளி. வெள்ளைக்காரன் வந்து வென்லாக் டவுன்ஸ் என்று பெயர் வைத்தான். சினிமாக்காரர்கள் வந்துபோன பிறகு அது ஷூட்டிங் மட்டம். பஸ் கண்டக்டர் அப்படித்தான் கூப்பிடுகிறார், நாமும் அப்படித்தான் இறங்குகிறோம். இந்த ஊட்டியில் ஒரு காலத்தில் படச்சுருளே செய்தார்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1967ல் உற்பத்தி தொடங்கியது, பிறகு நலிந்து மூடிக் கிடந்தது. படம் பிடிக்கப்படுவதற்கான பொருளைச் செய்த ஊர், கடைசியில் படம் பிடிக்கப்படுவதற்கான பொருளாக மட்டும் மிஞ்சிற்று. போகட்டும், இது வேறு கட்டுரை.

குற்றம்தான் வேண்டுமென்றால் இங்கே பஞ்சமா? 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் ஒரு காவலாளி கொல்லப்பட்டார். சில நாளிலேயே, சந்தேகத்துக்கு உள்ளான முன்னாள் டிரைவர் ஆத்தூர் அருகே சாலை விபத்தில் செத்தார். அதையொட்டியே இன்னொரு குற்றவாளியின் காரும் கேரளத்தில் விபத்துக்குள்ளாயிற்று. மனைவியும் குழந்தையும் போனார்கள். ஜூலையில் எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தூக்கில் தொங்கினார். 2022ல் வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது, அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் நீண்டது. 'சுழல்' வெளியானதும் அதே 2022. ஒரே மலையில், ஒரே வருஷத்தில் இரண்டு குற்றக் கதைகள். ஒன்றுக்கு எட்டாம் பகுதி இருந்தது. மற்றதில் கோத்தகிரி டீக்கடைகளில் ஜனங்கள் சொல்லிக்கொண்ட ஊகங்களுக்கு எண் போட்டால் எண்பது பகுதி வரும், கடைசிப் பகுதி மட்டும் வராது. கடைசிப் பகுதி வராத குற்றத்தோடு எப்படி வாழ்கிறார்கள் என்பது எழுத்தாளனுக்குரிய விஷயம் என்று நினைக்கிறேன். நண்பருக்கு அது வெறும் செய்தி.

இந்த இடத்தில் மேலைநாட்டு உதாரணம் ஒன்றைக் காட்டாவிட்டால் நண்பர் என்னை மதிக்கமாட்டார். 1990ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ட்வின் பீக்ஸ்' வந்தது. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் செய்தது. அதுவும் மலை, காடு, ஒரு மர ஆலை, ஒரு செத்த பெண். லாரா பாமர். யார் கொன்றது என்று நாடே கேட்டது. லிஞ்சுக்கு அதைச் சொல்லவே விருப்பமில்லை. கம்பெனியின் நெருக்குதல் வென்றது. இரண்டாவது பருவத்தின் நடுவில், அந்த நவம்பரில், கொன்றவன் அவள் தகப்பன்தான் என்று தெரியவந்தது. தொடர் அதற்குப் பிறகு நொண்டியடித்து மறு வருஷம் நின்றது. அதன் பிறகு லிஞ்ச் செய்ததுதான் முக்கியம். 1992ல் அதே கதையின் முன்பகுதியைத் திரைப்படமாக எடுத்தார். எல்லோருக்கும் விடை தெரியும். மர்மமில்லை, துப்பறிபவனுக்கும் அநேகமாக வேலையில்லை. செத்துப்போகப்போகிற பெண்ணின் கடைசி ஏழு நாள். அவளுக்கே மெல்ல மெல்ல அது யார் என்று புரிவதன் நரகம். அப்போது வந்த விமர்சகர்களில் அநேகம் பேர் அதை வெறுத்தார்கள். விடையாக மட்டுமே இருந்த பெண்ணைத் திரும்பப் போய் மனுஷியாக்கியதை அவர்களால் தாங்க முடியவில்லை. 'சுழ'லின் பிற்பகுதிகளிலும் நிலாவும் அதிசயமும் வரும் காட்சிகள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் அவள் ஒரு விடையின் துண்டாகவே வருகிறாள். அந்தத் துண்டைப் பொருத்துவதற்குத் தேவையான அளவு மட்டும் அவளுக்கு உயிர்.

இனி, நான் வாயைத் திறக்காமல் இருந்த காரணம்.

நான் ஒரு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம். எந்த எஸ்டேட் என்பது வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் லைனுக்குப் போகாமல், கொழுந்து எடை போடும் கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு பெண் குழந்தை. பன்னிரண்டு வயசிருக்கும். அம்மா மலையிலிருந்து கூடை இறக்கும்வரை அசையாது. மழையானாலும் அங்கேதான். ஏன் என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் தெரியும். எனக்குத் தெரியும், எடை போடுகிறவனுக்குத் தெரியும், லைனில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இருந்தவன் அம்மாவின் கூடப் பிறந்தவன். அந்த அம்மாள் ஒருநாள் என் சம்சாரத்திடம் அழுதுவிட்டுப் போனாள். மேஸ்திரியிடம் பேசுகிறேன் என்று நான் சொன்னேன். பேசவில்லை. என்ன பேசுவது என்று இருந்தது, நாளைக்கு என்று இருந்தது, பிறகு அது அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணைக் கூடலூர்ப் பக்கம் யாரோ உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் லைனிலேயே இருந்தான். அடுத்த வருஷம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவன் அவன்தான். மஞ்சள் வேட்டி, வேப்பிலை, கண் சிவந்து அருள் வந்து நின்றான். பெண்கள் அவன் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த அம்மாளும் ஊற்றினாள். நான் என் பையனைத் தூக்கிக் காட்டி விபூதி வாங்கினேன்.

அப்போது போக்சோ சட்டம் இல்லை. அது 2012ல் வந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம்வரை சிறை. நான் செய்ததற்கு இன்றைய விலை அது.

இதை உருக்கத்துக்காக எழுதவில்லை. எட்டாம் பகுதியின் பொய் எங்கே இருக்கிறதென்று எனக்குக் காட்டியது இதுதான். மர்மக் கதையின் விதிப்படி கடைசிப் பகுதிவரை ஊருக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரியாதவன் நிரபராதி. ஆகவே சாம்பலூரில் எல்லோரும் நிரபராதிகள், பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் நிரபராதிகள். ஒருவன்தான் துஷ்டன், அவனை ஒரு பெண் கொன்றுவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும். நிஜத்தில் முதல் பகுதியிலேயே எல்லோருக்கும் தெரியும். மீதி ஏழு பகுதிகளும் தெரிந்தவர்கள் எப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதுதான். திருவிழாவும் அந்தச் சாப்பாட்டின் ஒரு பந்தி. நிஜத்தில் அம்மன் அவனைக் கொல்லவில்லை. அவன்மேல் இறங்கினாள்.

நண்பர் இங்கே குறுக்கிடுவார்: கலை நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை, நடக்க வேண்டியதைச் சொல்லலாம், நந்தினியின் கையால் விழும் அந்தப் பிணம் ஆயிரம் பெண்களின் கனவு என்று. பெண்களின் கனவைப் பற்றி அவரும் நானும் பேசுவதை முதலில் நிறுத்துவோம். எனக்குத் தெரிந்தது, அந்தக் கொலையைப் பார்த்து எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பது. எட்டாம் பகுதி முடிந்ததும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். கொட்டகையில் உட்கார்ந்திருந்த குழந்தைக்காக முப்பது வருஷமாக நான் செய்யாத ஒன்றை ஐஸ்வர்யா ராஜேஷ் எனக்காகச் செய்துவிட்டார். சந்தா கட்டியதற்குப் பிராயச்சித்தமும் கிடைத்தது. கையிலிருந்து கபாலம் இறங்கியதுபோலவே இருந்தது. காலையில் எழுந்தபோதுதான் அந்தத் தூக்கம் எனக்கு அருவருப்பாயிற்று.

2025 பிப்ரவரியில் இரண்டாவது பருவம் வந்தது. நந்தினி சிறையில் இருக்கிறாள், வழக்கு நடக்கிறது என்று தொடங்கிற்று. அடடா, கபாலத்தைக் கடைசியில் கண்டுகொண்டார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே மலையிலிருந்து இறங்கி ஒரு கடலோர ஊர், அங்கே இன்னொரு திருவிழா, இந்தமுறை அஷ்டகாளி, இன்னொரு பிணம், எட்டுப் பெண்கள். ஒரு அம்மன் போதாதென்று எட்டு. இன்னும் எத்தனை அம்மன்கள் மிச்சம் இருக்கிறார்கள் என்று இந்து சமய அறநிலையத்துறையில் பட்டியல் கேட்டு வாங்கியிருப்பார்கள்போல.

நண்பர் இதற்கு மறுப்பு எழுதுவதாகத் தபாலில் எழுதியிருக்கிறார். எழுதட்டும், இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். எட்டுப் பகுதிகளையும் இன்னொருதரம் போட்டு, கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, நிலா தனியாக, யாருக்கும் துப்பாகாமல், சும்மா இருக்கும் நிமிஷங்களை எண்ணி எனக்கு அனுப்பட்டும். மற்றதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.